இன்லேயைச் சைக்கிளில் பார்த்தவன் சொல்கிறேன்

"காசு செலவு பண்ணி லீவுக்குப் போய் சைக்கிளா மிதிச்சீங்க?"

பர்மாவின் ஷான் மாநிலத்து இன்லே ஏரிப் படங்களைக் காட்டியதும் பெரியப்பா கேட்டது இதைத்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. மோன் மாநிலத்துத் தட்டோன் பக்கம் வயலுக்கும் சந்தைக்கும் சைக்கிள் மிதித்தே பாதி ஆயுசைக் கழித்தவர். நான் ரங்கூன்காரன். மோட்டார் சைக்கிளுக்கே தடை போட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு இரண்டு சக்கரம் என்றாலே ஆசைதான். நம் ஆட்களுக்கு லீவு என்றால் வேன், புளிச்சோற்றுப் பொட்டலம், மூன்று வேளையும் போட்டோ. இருக்கட்டும். ஆனால் இன்லேயைப் படகில் மட்டும் சுற்றிவிட்டு வருகிறவர்கள் பாதி ஏரியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி.

படகில் நானும் முதல் நாள் போனேன். டீசல் இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. வெள்ளிப் பட்டறை, தாமரை நூல் தறி, சுருட்டுக் கடை என்று வாசல் வாசலாக இறக்கி விட்டார்கள். ஒற்றைக் காலால் துடுப்புப் போடும் இந்தா மக்களைப் பார்ப்பது மட்டும் அலுக்கவே இல்லை. நின்றபடி போட்டால் பாசிக்கு அப்பாலும் வழி தெரியும், வலை வீசக் கையும் மிச்சம். ('இந்தா' என்றால் ஏரியின் பிள்ளைகள். மச்சான் அன்று முழுக்க "இந்தா, பிடி" என்று உயிரை வாங்கினான்.)

மறுநாள் ஏரிக்கு வடக்கே உள்ள ஞாவுங்ஷ்வே ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். ஏரி இருப்பது 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த உயரத்தில். டிசம்பர் காலையில் விரல் விறைத்துப் போகிறது. மேற்குக் கரையில் காவுங்டைங் கிராமத்துக்குப் போய்த் தோஃபு சாப்பிட்டோம். ஷான் தோஃபுவுக்குச் சோயா வேண்டாம், நம் கடலை மாவே போதும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில், மஞ்சள் மஞ்சளாக, கரண்டியில் கனமாக வழிகிறது. பஜ்ஜி மாவு போன ஜென்மத்தில் புண்ணியம் செய்திருந்தால் இப்படிப் பிறந்திருக்கும்.

அப்புறம் சைக்கிள்களைப் படகில் ஏற்றி அக்கரையில் மைங்தாவுக் கிராமத்துக்குப் போனோம். பலரும் அங்கே மரப்பாலத்தில் படம் எடுத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். நாங்கள் மேலே காட்டில் உள்ள புத்த மடத்துக்கு ஏறினோம். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். கால் திணறிய பிறகு மாற்றினால் செயின் கழன்றுவிடும். எனக்குக் கழன்றது. கை முழுக்கக் கிரீஸ், அதன் மேல் செம்மண்.

மேலிருந்து பார்த்தால் மிதக்கும் தக்காளித் தோட்டங்கள் பச்சைக் கோடு கோடாகத் தெரிகின்றன. அழகுதான். ஆனால் என் கண் போனது காலடிக்கு. மழை அறுத்த வெட்டு ஒவ்வொன்றும் சக்கரம் புதைகிற ஆழம். மரம் போன சரிவுகளிலிருந்து இந்த மண்தான் வருடா வருடம் இறங்கி ஏரியைத் தூர்க்கிறது. 2015-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த ஏரி இது! படகுக்காரர் தோட்டத்தைக் காட்டுவார், இதைக் காட்டமாட்டார். அவர் மேல் தப்பில்லை, தண்ணீரிலிருந்து பார்த்தால் தெரியாது. மூச்சு வாங்க மேட்டில் ஏறி, அந்த வெட்டில் சக்கரம் சிக்கினால்தான் உறைக்கிறது.

இறக்கத்தில் மாட்டிக்கொண்டேன். வாடகைக் கடையில் கியரைப் பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்க்கவில்லை. பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசியது. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். பொடி மண்ணில் முன் சக்கரம் வழுக்கி, முட்டியில் நல்ல சிராய்ப்பு. கடையில் சொன்னேன், சிரித்தார்கள்.

இதைக் கேட்டதும்தான் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சறுக்குற மண்ணுல முன் பிரேக்கை எவனாவது அமுக்குவானா? பின்னால தள்ளி உட்காரணும், விட்டு விட்டுப் பிடிக்கணும்." அரை மணி நேரம் கையில் ஹேண்டில்பார் இருப்பது போலவே காட்டிக்கொண்டிருந்தார்.