ஃபிளாஸ்க்கை விட்டுத்தள்ளுங்கள், துணியை நனையுங்கள்

மலையேற்றம், முகாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஃபிளாஸ்க் நல்லது?" என்றுதான். வெற்றிட ஃபிளாஸ்க் அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுவதற்குமான தண்ணீரை அதில் சுமந்தால் தோள்தான் பாவம். ஒருவருக்கு ஒன்று போதும். மற்றதெல்லாம் சாதாரண பாட்டிலில் இருக்கட்டும்.

அந்தச் சாதாரண பாட்டிலைக் குளிர்விக்க ஈரத்துணியே போதும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 580 கலோரி வெப்பத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப்படி, ஒரு லிட்டர் தண்ணீரின் சூடு 10 டிகிரி இறங்க 17, 18 கிராம் ஆவியானால் போதும். வெளிக்காற்றின் சூடும் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். பழைய பருத்திக் காலுறை ஒன்றை (துவைத்ததுதான்!) நனைத்து பாட்டிலுக்கு மாட்டி, நிழலில், காற்று அடிக்கிற பக்கமாகத் தொங்கவிடுங்கள். துணி காயக் காய நனைக்க வேண்டும். அதற்கு ஓடைத் தண்ணீர்கூடப் போதும், பாட்டில் வாயில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஆனால் காற்று உலர்ந்திருந்தால்தான் இது பலிக்கும். வியர்வையே காயாத புழுக்கத்தில் துணியும் காயாது, தண்ணீரும் குளிராது. அப்புறம், சிலர் வெற்றிட ஃபிளாஸ்க்குக்கே ஈரத்துணி சுற்றுகிறார்கள். வெளிச்சுவரின் குளிர்ச்சி உள்ளே போகாமல் இருக்கத்தானே நடுவில் வெற்றிடமே வைத்திருக்கிறது?

புழுக்கமான இடங்களுக்கு ஐஸ்தான். பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, படுக்கவைத்து உறையவிட்டு, கிளம்பும்போது மீதியை நிரப்புங்கள். 30 டிகிரி தண்ணீரை நிரப்பினாலும், அந்தக் கால் பங்கு ஐஸ் கரைந்து முடிவதற்குள் மொத்தமும் ஃபிரிட்ஜ் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்துவிடும். முழு பாட்டிலையும் உறையவைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், பாட்டில் வெடிக்கும். வெடிக்காவிட்டாலும், தாகம் எடுக்கும் நேரத்தில் உள்ளே பாறைதான் இருக்கும்.

குளிர்ச்சிக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் சுத்தத்தைக் கோட்டைவிடுவதுதான் எனக்குப் புரியவே இல்லை. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை ஒரு ஊசியால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அடியில் வழவழவென்று ஒரு படலம், சில சமயம் கறுப்புப் புள்ளிகள். தண்ணீரில் அடிக்கும் அந்த நாற்றத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பழியோ பாட்டிலின் மேல். வளையத்தைக் கழற்றி சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். உறிஞ்சுகுழாய் வைத்த மூடியில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. அதனால் அகன்ற வாய் பாட்டில்தான் என் தேர்வு, கை உள்ளே போகும்.

ஜில்லென்று இருக்கிறதே என்று ஓடைத் தண்ணீரை அப்படியே குடிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: குளிர் கிருமியைக் கொல்லாது. நன்றாகக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேலான உயரம் என்றால் மூன்று நிமிடம். ஆறவைத்து பாட்டிலில் ஊற்றிய பிறகு காலுறையை மாட்டிக்கொள்ளலாம்.