திங்கட்கிழமை கூப்பிடுங்க

நேற்று சனிக்கிழமை. பட்டறையில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். ஆறு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு வாரச் சம்பளத்துக்கு மேசைப் பக்கம் வந்து நிற்பார்கள். ஐந்தே முக்காலுக்கு நான், எனக்குப் பணம் தர வேண்டிய ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது தடவை எடுத்தார்கள். "எம்.டி. ஊர்ல இல்லைங்க, திங்கட்கிழமை கூப்பிடுங்க." எந்தத் திங்கட்கிழமை என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அடுத்த ஆர்டர் வேண்டுமே.

சம்பளம் கொடுத்துவிட்டேன், மச்சானிடம் கைமாத்து வாங்கி.

கோயம்புத்தூரில் கணபதி பக்கம் பட்டறை. இரண்டு சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்கிறபடி கடையும் மெஷின்), அப்பா காலத்து லேத் ஒன்று. ரவுண்ட் பார் வாங்கி, அறுத்து, கடைந்து, பம்புக்கு ஷாஃப்ட் செய்து கொடுக்கிறேன். பார் கடைக்காரர் காசைப் பார்க்காமல் ஒரு துண்டுகூட இறக்க மாட்டார். கரண்ட் பில் தேதி தவறினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். நான் மட்டும் கடனுக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு? என்னைப் போல நூறு பட்டறையை விலைக்கு வாங்கக்கூடிய கம்பெனிக்கு!

ஜூன் மாதம் அவர்களுக்கு 4 லட்ச ரூபாய்க்கு பில் போட்டேன். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 72,000 ரூபாய். பார் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஜூலை 20ஆம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும். உனக்குப் பணம் வந்ததா என்று கேட்க ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. தாமதமானால் 18 சதவீத வட்டி. கம்பெனியோ, எனக்கு ஒரு ரூபாய் கொடுக்காமலேயே அந்த 72,000-ஐத் தன் வரிக் கணக்கில் வரவாக வைத்துக் கழித்துக்கொள்ளலாம். 180 நாளுக்குள் எனக்குப் பணம் கொடுக்காவிட்டால்தான் அதைத் திருப்ப வேண்டும். நடுவில் பேங்க்காரர் இருக்கிறார். மெஷின் லோன் தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் என் கணக்கு வாராக்கடன். ஆக, வரிக்காரர் 20ஆம் தேதி வருவார், பேங்க் 90 நாளில் வரும், எனக்கு வர வேண்டிய பணம் மட்டும் 170, 175 என்று ஆடி அசைந்து வரும். இன்றோடு 131 நாள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். ஜம்மென்று இருக்கிறது. 2006-லேயே சிறுதொழில்களுக்கென்று போட்டுவிட்டார்கள். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் பேங்கின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். படிக்கப் படிக்கக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் கம்பெனி ஸ்டோரில் வேறு காலண்டர் ஓடுகிறது. "ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான சீட்டு) இன்னும் போடலைங்க", "கியூசி (தரச் சோதனை) பார்க்கணும்", "பில் போன வாரம்தான் பாஸ் ஆச்சு". அவர்களுக்கு நாள் எண்ண ஆரம்பிப்பதே அங்கிருந்துதான்.

புகார் கொடுக்க ஒவ்வொரு மாநிலத்திலும் கவுன்சில் உண்டு, 2017-லிருந்து ஆன்லைனிலும் போடலாம். எங்கள் தெருவில் ஒருவர் போனார். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அவருக்கு இரண்டு வருடம் ஆனது. ஜெயித்தார். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பதால் கம்பெனி பேசி முடித்தது. பணம் வந்தது, ஆர்டர் போனது. அந்தக் கம்பெனி மட்டுமல்ல, வேறு இரண்டு கம்பெனி பர்ச்சேஸ் ஆட்களும் அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். "அவரா? கேஸ் போடுற ஆளுங்க."

இதைச் சாப்பிடும்போது புலம்பிக்கொண்டிருந்தேன். மகள் காலேஜில் பொருளாதாரம் படிக்கிறாள். "அப்பா, இதுக்கெல்லாம் நோபல் பரிசே கொடுத்திருக்காங்க" என்றாள். டக்ளஸ் நார்த் என்று ஒரு அமெரிக்கர், 1993-ல் வாங்கினார். ஒரு நாடு முன்னேறுவதும் தேங்குவதும் அங்கே ஆட்டத்தின் விதிகள் எப்படி என்பதைப் பொறுத்தது, கம்பெனி, சங்கம், அரசு இலாகா எல்லாம் அந்த விதிக்கேற்ப ஆடும் ஆட்டக்காரர்கள் என்பது அவர் கட்சி. (தமிழில் இந்த விதியையும் நிறுவனம் என்கிறோம், ஆட்டக்காரரையும் நிறுவனம் என்கிறோம். குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது.) 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் நடந்த சந்தைகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறாராம். பல தேசத்து வியாபாரிகள் கூடும் இடம். கடனைக் கட்டாத ஆளைச் சந்தைக்குள் விட மாட்டார்கள். சில சமயம் அவன் ஊர்க்காரர்களையும் சேர்த்து வெளியே நிறுத்துவார்கள்.

சோறு இறங்கவில்லை எனக்கு. அங்கே கொடுக்காதவனை ஒதுக்கினார்கள். இங்கே கேட்டவனை ஒதுக்குகிறார்கள்!

பல்லுள்ள விதி ஒன்று வந்தது, ஒத்துக்கொள்கிறேன். வருமான வரியில் 43பி பிரிவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை செலவாகக் காட்ட முடியாது. 2024 மார்ச்சில் எனக்கு வந்த போன்களைச் சொல்ல வேண்டும். என்றைக்கும் எடுக்காத அக்கவுண்ட்ஸ் ஆட்கள் தாங்களே கூப்பிட்டு, "அண்ணா, பேலன்ஸ் எவ்வளவுங்க?" என்றார்கள். ஆனந்தக் கண்ணீர் வராத குறை. நான் யார்மேலும் புகார் போடவில்லை, அவர்கள் வரியில் கை வைத்ததும் பணம் தானாக நடந்து வந்தது. ஒரு கம்பெனி மட்டும் வேறு வழி கண்டுபிடித்தது. "உங்க உத்யம் பதிவை ரத்து பண்ணிடுங்களேன், நமக்குள்ள எதுக்கு?" என்று தேன் ஒழுகக் கேட்டார்கள். சிறுதொழில் என்று அரசில் பதிந்திருப்பதுதான் உத்யம், அது இல்லாவிட்டால் இந்த விதி அவர்களைத் தொடாது என்று கணக்கு. அப்புறம் ஆடிட்டர்கள் ஓட்டையையும் பார்த்துவிட்டார்கள். ஏப்ரலில் போட்ட பில்லை மார்ச் 30ஆம் தேதி கொடுத்தாலும் அந்த வருடக் கணக்கில் செலவு செலவுதான். மார்ச் 31 அன்று நிலுவை இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். எனக்கு வருடத்தில் ஒரு தீபாவளி, அது மார்ச் கடைசியில் வருகிறது.

பில்லை ஆன்லைனில் ஏலம் விட்டு உடனே காசாக்கும் 'ட்ரெட்ஸ்' இருக்கிறதே என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். சரக்கை வாங்கியவர் அந்த பில்லை ஒப்புக்கொண்டு பட்டனைத் தட்ட வேண்டும். ஜிஆர்என் போடவே நாள் பார்ப்பவர் பட்டனைத் தட்டுவாரா?

சிவில் கோர்ட்டா? இந்தியாவில் ஒரு வணிக வழக்கு முடிய 1,445 நாள் என்று உலக வங்கியின் 2020 அறிக்கை போட்டது. தரவுக் குளறுபடி என்று அந்த அறிக்கையையே 2021-ல் நிறுத்திவிட்டார்கள். கோர்ட் படி ஏறிய எவரும் இந்த எண்ணைக் கேட்டு ஆச்சரியப்பட்டு நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் போய் எங்கே முடிகிறது தெரியுமா? என் மேசை டிராயரில். மூன்றாவது சிஎன்சிக்கு வாங்கிய கொட்டேஷன் எட்டு மாதமாக அங்கே கிடக்கிறது. வேலை இருக்கிறது, ஓட்டத் தெரிந்த பையன் இருக்கிறான், லோன் தரவும் ஆள் இருக்கிறது. ஆனால் பெரிய ஆர்டர் என்றாலே இப்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆர்டர் இரண்டு மடங்கானால் மாட்டிக்கொள்ளும் பணமும் இரண்டு மடங்கு, கையிலிருந்து கட்டும் ஜிஎஸ்டியும் இரண்டு மடங்கு. போன மாதம் ஒரு புது கம்பெனி நல்ல விலைக்குக் கேட்டது, தெரியாத ஆள் என்று விட்டுவிட்டேன். சிறுதொழில்காரன் ஏன் வளர மாட்டேன் என்கிறான் என்று மேடையில் கேட்கிறார்கள். திறன் பயிற்சி தர வேண்டுமாம். யாருக்குப் பயிற்சி? செக்கில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கொடுங்கள்.

இன்று காலை மகள் 4,72,000-க்கு அந்த மூன்று மடங்கு வட்டியை எக்செல்லில் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். பிரிண்ட் எடுத்து கொட்டேஷனுக்கு மேலே வைத்திருக்கிறேன். நாளைக்குத் திங்கட்கிழமை, பத்தரைக்குக் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் அதே கம்பெனிக்கு 200 ஷாஃப்ட் வண்டி ஏற்ற வேண்டும்.