ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே 180 கிலோமீட்டர்

கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முகத்தில் ஒரு மாற்றம் வரும். "ஓ, அந்த லெவலுக்குப் போயாச்சா?" என்பார்கள். போன மாதம் ஊருக்குப் பேசியபோது சித்தப்பாவும் அதையேதான் கேட்டார். மேலூர்ப் பக்கம் வற்றிய கம்மாய்க்குள் கிட்டிப்புள் அடித்துக்கொண்டு திரிந்த பயல், அடிலெய்டு போய் துரையாகிவிட்டான் என்று அவருக்கு நினைப்பு.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டுக்கு கோல்ஃப் வந்த வழி அப்படி. 1829-லேயே கல்கத்தாவில் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டன் தீவுகளைத் தாண்டினால் உலகத்திலேயே பழைய கோல்ஃப் கிளப் அதுதான். துரைமார் ஆடினார்கள், துரைமார் போனபின் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஆடினார்கள். சென்னையில் இருந்த நான்கு வருடமும் கிண்டி வழியாகவும் நந்தனம் வழியாகவும்தான் பஸ்ஸில் போய் வந்தேன். உள்ளே கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

ஆனால் இந்த விளையாட்டு பிறந்த ஸ்காட்லாந்தில் கதையே வேறு. 1457-ல் அங்கே நாடாளுமன்றம் கூடி கோல்ஃபுக்குத் தடை போட்டது. ஏன் தெரியுமா? ஆண்கள் வில்வித்தை பழகாமல் இதையே ஆடிக்கொண்டிருந்தார்களாம். பத்துப் பிரபுக்கள் ஆடும் ஆட்டத்துக்கு யாராவது சட்டம் போடுவார்களா? கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் இன்றைக்கும் பொது நிலம்தான். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதன்மேல் நடக்கிறார்கள்.

கோல்ஃப் எல்லோருக்குமான ஆட்டம்தான் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே ஆஸ்திரேலியாவின் கிராமப்புறத்தில் கண்ணால் பார்த்துவிட்டேன். அதையும், நல்லார்பார் என்ற பொட்டல்வெளியின் குறுக்கே நீளும் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆடிய கதையையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் நகரத்துக் கதை. இங்கே வந்த புதிதில், உடன் வேலை செய்பவர் ஒருவர் ஒரு கிளப்புக்கு விருந்தாளியாகக் கூப்பிட்டார். புதுச் சட்டை, காலர் வைத்தது, அவர் சொன்னபடியே போட்டுக்கொண்டு போனேன். கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, "டெலிவரி எல்லாம் பின்பக்கம்" என்றார். கையில் ஒரு பை வைத்திருந்தேன், அதுதான் காரணம் என்று நண்பர் சமாதானம் சொன்னார். இருக்கலாம். அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் கோல்ஃப் பக்கமே போகவில்லை.

அப்புறம் வேலை விஷயமாக கோதுமை வட்டாரத்தில் ஒரு சின்ன ஊரில் ஆறு மாதம் இருக்க வேண்டி வந்தது. ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பப், தானியம் கொட்டும் உயரமான கோபுரங்கள். ஊர் எல்லையில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். கேட் திறந்தே கிடந்தது, உள்ளே ஈ காக்கை இல்லை. தகரக் கொட்டகைச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, மேலே ஒரு துளை. பக்கத்தில் கவர்கள் அடுக்கியிருந்தன. பெயரை எழுதி, காசைக் கவருக்குள் வைத்துப் போட்டுவிட்டு ஆட வேண்டியது. யாரும் சரிபார்ப்பதில்லை.

குழியைச் சுற்றிப் பந்தை உருட்டும் இடத்துக்கு கிரீன் என்று பெயர்தானே தவிர அங்கே பச்சை எதுவும் இல்லை. மணலில் எண்ணெய் கலந்து இறுக்கிய கறுப்பு வட்டம். தண்ணீர் இல்லாத ஊரில் புல்லுக்கு எங்கே போவது? பந்தை உருட்டுவதற்கு முன் மட்டப்பலகை மாதிரி ஒரு கருவியை இழுத்து, பந்து போக வேண்டிய பாதையைச் சமன் செய்துகொள்ள வேண்டும். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் எழுபது வயது கோதுமை விவசாயி. புல் வெட்டும் டிராக்டர் அவருடையது, டீசலும் அவருடையது. கிளப்பின் செயலாளர், பொருளாளர், தோட்டக்காரர் மூன்றும் அவரும் அவர் மனைவியும்தான். ஆட்டம் மழைக்காலத்தில் மட்டும். கோடை வந்தால் நிலம் கட்டாந்தரை, அப்போது அங்கே ஆடுகள்தான் உறுப்பினர்கள்.

அந்த மைதானத்தில்தான் நான் ஆடக் கற்றேன். நூறு பந்தாவது அங்கே தொலைத்திருப்பேன். யாரும் பையைப் பார்க்கவில்லை.

இப்போது நல்லார்பார் கதைக்கு வருகிறேன். போன ஜூலை பள்ளி விடுமுறையில் நான், மனைவி, பிள்ளைகள், மச்சினன் எல்லோரும் காரில் கிளம்பினோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் செடுனாவில் ஆரம்பித்து மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் முடிகிற நல்லார்பார் லிங்க்ஸ். பதினெட்டுக் குழி, பார் 72, அதாவது நன்றாக ஆடுகிறவர் மொத்தம் 72 அடியில் முடிக்கலாம் என்ற கணக்கு. அதுவரை எல்லாம் வழக்கம்தான். மொத்த நீளம் 1365 கிலோமீட்டர். வழியில் உள்ள ஊர்களிலும், பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் ரோட்ஹவுஸ்களிலும் ஒரு குழி, சில ஊர்களில் இரண்டு. ஒன்றை ஆடி முடித்து, காரில் ஏறி, அடுத்த குழிக்கு ஓட்ட வேண்டும். சில இடங்களில் நடுவே 180 கிலோமீட்டர். திருச்சியில் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்கு விழுப்புரம் தாண்டிப் போகிற கணக்கு.

2009-ல் திறந்த இதற்கு யோசனை கொடுத்தவர்கள் ஆல்ஃப் கபுடோ, பாப் பான்ஜியார்னோ என்ற இருவர். பாப் அப்போது பல்லடோனியா ரோட்ஹவுஸை நடத்திக்கொண்டிருந்தவர். காரணம் எளிமையானது. அந்தச் சாலையில் வருகிறவர்கள் பெட்ரோல் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். வெட்டவெளி, ஒரே மாதிரி சாலை, தூக்கம் கண்ணை இழுக்கும். நூறு இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி அரை மணி நேரம் கை காலை ஆட்டினால் ஓட்டுகிறவருக்கும் நல்லது, ரோட்ஹவுஸில் ஒரு காபியும் விற்கும். நல்லார்பார் என்றால் லத்தீனில் மரமே இல்லாதது என்று பொருள். சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புக்கல் சமவெளி. அதற்குள் ஒரு கோல்ஃப் மைதானத்தை யோசித்தவன் மூளையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

ரோட்ஹவுஸ் குழிகளில், முதல் அடி அடிக்கிற 'டீ' என்ற இடமும் கடைசியில் உருட்டுகிற கிரீனும் செயற்கைப் புல். நடுவில் இருப்பதெல்லாம் இயற்கை விட்ட வழி: உப்புப் புதர், சரளைக் கல், முயல் வளை, கங்காரு புழுக்கை. பந்து நேராகப் போனாலும் ஒரு கல்லில் பட்டு எந்தத் திசைக்கு எகிறும் என்று சொல்ல முடியாது. எனக்கு அது கிட்டிப்புள் நினைவைத்தான் கொண்டுவந்தது. கோலும் குழியும் பொட்டலும். வேறு என்ன வேண்டும்? சொந்த மட்டை இல்லாதவர்களுக்குச் சில ரோட்ஹவுஸ்களில் வாடகைக்கு உண்டு. மச்சினன் அப்படித்தான் ஆடினான். அவன் வாழ்நாளில் அதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை.

ஒவ்வொரு குழிக்கும் அந்த ஊர்க் கதையிலிருந்து ஒரு பெயர். நண்ட்ரூவில் வாம்பட் என்ற குட்டைக்கால் விலங்கின் பெயர், ஏனென்றால் சுற்றுவட்டாரமெல்லாம் அவை தோண்டிய வளை. யூக்ளாவில் 'நல்லார்பார் மோகினி'. 1971-ல் கங்காருத் தோல் உடுத்திய பொன்முடிப் பெண் ஒருத்தி கங்காருக்களோடு திரிகிறாள் என்று அந்தச் சின்ன ஊரில் ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டார்கள். உலகப் பத்திரிகைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. கடைசியில் எல்லாம் கட்டுக்கதை. பல்லடோனியாவில் 'ஸ்கைலாப்'. 1979 ஜூலையில் அந்த அமெரிக்க விண்வெளி நிலையம் உடைந்து விழுந்தது இந்த வட்டாரத்தில்தான். கண்ட இடத்தில் குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. நார்ஸ்மனில் ஒரு குழிக்கு அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஙாஜு மக்களின் பெயர்.

மதுரா என்ற இடமும் உண்டு. பலகையைப் பார்த்ததும் மச்சினன், "மாமா, ஊர் வந்திருச்சு, இறங்கி ஒரு ஜிகர்தண்டா சொல்லுங்க" என்றான். வெள்ளைக்காரன் காலத்துக் காகிதங்களில் நம் மதுரைக்கு எழுத்துப் பிசகாமல் இதே பெயர்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போனால் வேறொரு ஒட்டுறவு காத்திருந்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குதிரைப்படைக்கு ஒரு காலத்தில் இங்கேதான் குதிரை வளர்த்து அனுப்பினார்களாம். அந்தக் குழிக்குப் பெயரே காட்டுக்குதிரை ஓட்டம் என்ற பொருளில்தான் இருக்கிறது. அங்கே நான் பதினோரு அடி அடித்தேன், அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

எல்லையில் ஒரு சின்ன நாடகம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி, தேன் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். இது தெரிந்துதான் மனைவி முந்தின ராத்திரி இருந்த உருளைக்கிழங்கு, வெங்காயம் அத்தனையையும் பொரியலாக்கிவிட்டாள். ஆனால் கறிவேப்பிலையை மறந்துவிட்டோம். சோதனைச் சாவடிப் பெண் அந்தப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசனை" என்றார். தொட்டியில் போட்டார். வீட்டுச் செடியிலிருந்து பறித்தது. அடிலெய்டு குளிரில் கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். மனைவி அடுத்த இரண்டு குழி வரைக்கும் யாரோடும் பேசவில்லை.

எல்லையில் நேரமும் மாறுகிறது. கடிகாரத்தை முக்கால் மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும், கைகூனா தாண்டினால் இன்னொரு முக்கால் மணி. இடைப்பட்ட ஐந்தாறு ரோட்ஹவுஸ்களுக்கு மட்டும் தனி நேரம். பசி நேரத்தில் பிள்ளைகளுக்கு இதை விளக்கிப் பாருங்கள். கைகூனாவிலிருந்து பல்லடோனியா போகும்போது 146.6 கிலோமீட்டருக்குச் சாலையில் ஒரு வளைவுகூட இல்லை. ஸ்டீயரிங்கைத் தொடாமலே போகலாம் போல இருக்கும், ஆனால் எதிரே மூன்று பெட்டி கோத்த லாரி வந்து கடக்கும்போது காற்று காரைத் தள்ளும். அந்தச் சாலையிலேயே 'பறக்கும் மருத்துவர்' என்கிற அவசர மருத்துவ விமானம் இறங்க சில இடங்களில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கத்திய குளிர்காலத்தில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் போங்கள். ஈத்தொல்லை குறைவு, பாம்பும் அதிகம் நடமாடாது. வழியில் ஹெட் ஆஃப் பைட் என்ற கடற்கரையில் குட்டி போட வந்த திமிங்கிலங்களையும் பார்க்கலாம். அங்கே எங்கள் கண் முன்னால் ஒரு தாயும் குட்டியும் மிதந்துகொண்டிருந்தன, பெரியவள் ஒரு மணி நேரம் கோல்ஃபையே மறந்துவிட்டாள். பொழுது சாய்ந்தபின் கார் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும். நான்கைந்து நாள் ஒதுக்குங்கள். பந்து தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். காக்கைக்கு முட்டை என்று நினைப்பா, திருட்டுப் புத்தியா தெரியவில்லை, என் பந்து ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு பறந்துபோய்விட்டது. அதற்குத் தண்டனை அடி உண்டா என்று மச்சினனோடு ஒரே சண்டை.

இதெல்லாம் கோல்ஃபே இல்லை, சுற்றுலா வித்தை என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். முழுக்க மறுக்க மாட்டேன். கம்பளம் மாதிரிப் புல் வேண்டும், குட்டி கோல்ஃப் வண்டியில் ஏறி அடுத்த குழிக்குப் போக வேண்டும் என்றால் நல்லார்பார் உங்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் தண்ணீரைக் கொட்டி வளர்த்த புல்லும் மதில் சுவரும் இருந்தால்தான் கோல்ஃப் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஐந்து நாளும் எங்களோடு முன்னும் பின்னுமாக ஆடியவர்கள் யார் யார் என்று சொல்கிறேன்: ஓய்வுபெற்ற லாரி டிரைவரும் அவர் மனைவியும், கேரவனில் ஊர் சுற்றும் ஒரு நர்ஸ், சுரங்க வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்கள். எங்கள் சின்னவள் ஒன்பது வயது, அவள் அடிக்கும்போது அந்த லாரிக்காரர் புதரில் நின்று பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு குழியிலும் அட்டையில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், அந்த அட்டைதான் எங்கள் எல்லோருக்கும் அறிமுகச் சீட்டு.

கல்கூர்லியில் கடைசி இரண்டு குழிகள் ஒழுங்கான மைதானத்தில். செம்மண்ணுக்கு நடுவே கண்ணைப் பறிக்கிற பச்சை. அங்கே ஒரு குழிக்கு சி. ஒய். ஓ'கானர் பெயர். பெர்த் பக்கத்து அணையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு இந்தத் தங்க வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரத் திட்டம் போட்டவர். நடக்காது என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. 1902-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1903-ல் தண்ணீர் வந்து சேர்ந்தது. நான்கு நாள் கல்லிலும் புதரிலும் அடித்துவிட்டு வந்ததால் எனக்கு அந்தப் புல்லில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. மொத்தம் 143 அடி. சான்றிதழ் கொடுத்தார்கள், ஹாலில் மாட்டியிருக்கிறேன். சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "புல்லே இல்லாத பொட்டல்ல நிக்கிறியேடா?" என்று கேட்டார்.

அடுத்தது கூபர் பெடி. ஓபல் என்ற ரத்தினக் கல் தோண்டும் ஊர், ஜனங்கள் வெயிலுக்குப் பயந்து நிலத்துக்கடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். அங்கே உள்ள மைதானத்தில் ஒரு புல்கூட இல்லை, ஆனால் புல்லை மிதிக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆடுகிறவர்கள் கையளவு செயற்கைப் புல்லைக் கூடவே எடுத்துப்போய், பந்தை அதன்மேல் வைத்து அடிக்க வேண்டும். மச்சினன் போன வாரமே ஹார்டுவேர் கடையில் அரை மீட்டர் வெட்டி வாங்கி வந்து, எங்கள் வீட்டு வாசலில் மிதியடியாகப் போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறான்.