மண்டபம் முகாம் வரலாறு இல்லையா?
1947-க்குப் பிந்தையதெல்லாம் வரலாறல்ல, அரசியல்; அரசுக் கோப்புகள் திறக்கும்வரை பல்கலைக்கழகங்கள் பொறுத்திருக்கலாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அப்படி ஆய்வு செய்தால் ‘சான்று எங்கே’ என்று கேட்கிறார் அதைப் படித்த ஒரு நண்பர். எங்கள் ராமநாதபுரம் கரைக்கு இது ஒத்துவராது. சிலோன் தோட்டங்களுக்கு ஆள் போன காலத்தில் நோய்த்தடுப்புக்காகக் கூலிகளை நிறுத்திவைத்த மண்டபம் முகாமில்தான், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை யார் ஏற்பது என்று இரு நாடுகளும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியவர்களும், 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பின் அகதிகளும் வந்து இறங்கினார்கள். அந்த ஒப்பந்தத்தில் டெல்லி ஏற்றுக்கொண்டது 5,25,000 பேரை, சின்ன விஷயமா? முதுகலை ஆய்வேட்டுக்கு நான் இதை எடுத்தபோது, “சேதுபதிகளைப் பற்றி ஏதாவது எழுதுப்பா, வம்பு வேண்டாம்” என்று ராமநாதபுரத்தின் பழைய மன்னர்களைக் காட்டினார் வழிகாட்டி. எப்படியோ சம்மதிக்க வைத்தேன். இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்த ஒரு பாட்டி தகரப்பெட்டியைத் திறந்து, ஓரம் கரையான் அரித்த பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். ‘சான்று எங்கே’ என்று கேட்கும் அந்த நண்பர் இந்தப் பெட்டிகளையும் கணக்கில் எடுக்கட்டும். கோப்புகள் திறக்கும்வரை காத்திருக்க முடியாது; பாட்டிக்கு இப்போதே எண்பது தாண்டிவிட்டது.