படைவீரரின் பொழுதுபோக்கு

படைவீரருக்கு இசை என்பது அணிவகுப்பு வாத்தியத்தோடு முடிந்துவிடுகிறது என்று படைவீரரின் பொழுதுபோக்கு பற்றிய கட்டுரையை எழுதியவர் கூறியிருப்பதை, இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமென்டில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. 1957-இல் தொடங்கிய அகில இந்திய வானொலியின் விவித பாரதி ஒலிபரப்பு, படைவீரர்களுக்கென்றே ‘ஜெயமாலா’ என்ற திரைப்பாடல் நிகழ்ச்சியை நடத்தியது. வடக்கே பனி மூடிய முகாம்களில், மாலையில் ஒரே டிரான்சிஸ்டரைச் சுற்றி அமர்ந்து அதைக் கேட்ட எங்களில் பலர் இந்தி கற்றுக்கொண்டதே அந்தப் பாடல்களால்தான். எங்கள் படைப்பிரிவில் தென்மாநிலத்தவர் அனைவரும் இருந்ததால் ஓணமும் பொங்கலும் உகாதியும் பொது விழாக்களாயின. அதிகாரிகளும் சிப்பாய்களும் சேர்ந்து உண்ணும் ‘படாகானா’ விருந்து முடிந்ததும், தாளத்துக்குத் தட்டுகளையும் வாளிகளையும் தட்டிக்கொண்டு நான்கு மொழிகளில் பாட்டு நடக்கும் (சுருதியை யாரும் பொருட்படுத்தியதில்லை). தம்போலா என்ற எண் விளையாட்டு, கேரம், வாலிபால் ஆகியவையும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பு உண்டு என்று கட்டுரை சொல்வது மட்டும் பாதி உண்மை: அது தாராளமாகத் தோன்றினாலும், தீபாவளிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் பெரும்பாலோருக்கு அது வேறு மாதத்தில்தான் கிடைக்கும், ஜம்முவிலிருந்து கன்னியாகுமரி வரை ரயிலில் வருவதற்கே பல நாள்கள் பிடிக்கும். இப்போது கைப்பேசி வந்துவிட்டதால் வீரர்களுக்குப் பொழுதுபோக்கு பெருகிவிட்டது என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு நண்பர் கருத்திட்டுள்ளார். வீட்டாரின் முகத்தைப் பார்த்துப் பேச முடிவது பெரும் ஆறுதல்தான், ஆயினும் ஒரே பாட்டை அனைவரும் சேர்ந்து கேட்ட அந்தக் கூட்டுக் கேளிக்கையைத் தனித்தனி இயர்போன்கள் ஈடுசெய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.