உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மறுத்தவர்களா?

ஒரு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கியார் அழைப்புக் கொடுக்கும் அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதை தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். "எல்லாவற்றையும் விட்டு ஆண்டவரைப் பின்பற்றத் தயாரா? எழுந்து நில்லுங்கள்" என்று அவர் கேட்டதும் பாதிக் கூட்டம் எழுந்தது. அதுவரை எனக்கு ஒன்றுமில்லை. அப்புறம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "வெதுவெதுப்பானவர்களே, உங்களிடம் சாக்குக்குப் பஞ்சமே இல்லை" என்றாரே, அதற்குத்தான் இந்தப் பதிவு. (வெதுவெதுப்பு என்றால் விசுவாசத்தில் அனலும் இல்லை, குளிரும் இல்லை என்று பைபிள் கண்டிக்கும் நிலை.)

உட்கார்ந்திருந்தால் அழைப்பை மறுத்ததாக அர்த்தம் என்று இவருக்கு யார் சொன்னது?

பைபிளில் மாற்கு சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் நீங்கிய மனிதன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சுகிறான். இயேசு அவனைப் படகில் ஏற்றவில்லை. வீட்டுக்குப் போய் உன் ஜனங்களிடம் சொல் என்று அனுப்பிவிட்டார். அவனும் போய் தெக்கப்போலி நாட்டில் சொன்னான். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றான். ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. இயேசு நேசித்த சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தங்கள் ஊரான பெத்தானியாவில்தான் இருந்தார்கள். இவர்களும் வெதுவெதுப்பு லிஸ்டில் வருவார்களா?

"சீஷர்களான யாக்கோபும் யோவானும் அப்பாவையே படகில் விட்டுப் போனார்களே" என்று உடனே வருவீர்கள். போனார்கள். அந்த அப்பா செபெதேயு தனியாக இல்லை, அவரோடு கூலியாட்கள் இருந்ததையும் அதே மாற்கு அதே வசனத்தில் எழுதியிருக்கிறார், அதையும் சேர்த்து வாசியுங்கள். தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனிடம் இயேசு சொன்ன "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்" என்பது கடினமான வசனம்தான். அதைச் சொல்ல இயேசுவுக்கு உரிமை உண்டு. மைக் பிடித்தவருக்கெல்லாம் கிடையாது. என் பதில் அவ்வளவுதான்.

என் அக்கா எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்றதில்லை. படுக்கையில் கிடந்த மாமியாரைப் புரட்டிப்போட்டு, துடைத்து, ஊட்டி, அந்த அம்மாவிடமே ஏச்சும் வாங்கி, வருஷக்கணக்கில் ஓடியவள். ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டு வரியில் தூங்கிவிடுவாள். "ஒழுங்காக ஆராதனைக்கு வருவதில்லை, அர்ப்பணிப்பு போதாது" என்று அவளிடமே சொன்னார்கள். சொன்ன ஒருவராவது ஒரு மத்தியானம் வந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் படு" என்றதுண்டா? ம்ஹூம். அவர்களுக்கு வேறு ஊழியம் இருந்தது.

சரி, இது உன் சொந்தக் கோபம் என்பீர்கள். சொந்தக் கோபம்தான், அதனால் கேள்வி தப்பாகிவிடுமா? தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-ல் இருக்கிறது. அதை வைத்து ஒரு நாள் அழைப்புக் கொடுங்களேன். வீட்டில் கிடக்கும் நோயாளியை நாளை முதல் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்பவர்கள் எழுந்து நிற்கட்டும். எத்தனை நாற்காலி காலியாகிறது, பார்க்கலாம்.

முழுநேர ஊழியத்துக்குப் போனவர்களை நான் குறை சொல்லவில்லை. நிஜமாகவே எல்லாவற்றையும் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரையும் இப்படிக் குத்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆஸ்தியை விட மனமில்லாத அந்தப் பணக்காரனைப் பார்த்துக்கூட இயேசு அன்புகூர்ந்தார் என்றுதான் எழுதியிருக்கிறது.

வசனம் போட்டு வாதாட வருபவர்கள் தாராளமாக வரலாம். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினால் பிளாக் செய்துவிடுவேன்.