அமிலம் பட்ட தோலுக்கு முதலில் தண்ணீர்

செறிந்த சல்பூரிக் அமிலம் கையில் தெறித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெப்பம் உண்டாகிக் காயம் பெருகும், அப்பச்சோடாவைத் தூவ வேண்டும் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு.

ஐதாக்கும்போது (நீர் கலந்து செறிவைக் குறைக்கும்போது) அமிலத்தினுள் நீரை ஊற்றக் கூடாது என்ற சரியான விதியிலிருந்தே இக்குழப்பம் வந்திருக்க வேண்டும்: 98 சதவீத அமிலம் நீரைவிட ஏறத்தாழ 1.84 மடங்கு அடர்த்தியானது என்பதால், ஊற்றிய நீர் மேலேயே தங்கிக் கொதித்து, அமிலத்தையும் முகத்தில் தெறிக்கச் செய்யும். தோலில் இருப்பதோ சில துளிகள். குழாயைத் திறந்துவிட்டால் ஓடும் நீர் அமிலத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். சோடா நுரைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் காயம் ஆழமாகிவிடும். (மேசையில் சிந்தியதற்கு அது பொருத்தமே.)

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குச் செய்முறை காட்டுகையில் என் பருத்திச் சட்டையில் விழுந்த ஒரு துளி, முதலில் வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. சற்று நேரத்தில் அவ்விடம் பழுப்பாகி ஓட்டையானது. ஆகவே நனைந்த உடையைக் கழற்றிக்கொண்டே குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமைகளை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டிருக்க, அருகிலிருப்பவர் (இலங்கையில்) 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழைக்கட்டும்.